காற்றும் கைப்பிடியும்

மைசூரு நகரின் வடமேற்கே விஜயநகர் என்றொரு குடியிருப்புப் பகுதி உண்டு. பெயரைக் கேட்டவுடன் துங்கபத்திரைக் கரையில் எழுந்து மறைந்த பேரரசு நம் நினைவுக்கு வரலாம். இதுவோ, முதற் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம் என அளந்து பிரித்து எழுப்பப்பட்ட புதிய ஊர். பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து கன்னட மண்ணில் காலூன்றிய குடும்பங்களுக்கும் இங்கு இடமுண்டு. நம்மில் எவரேனும் இவ்வூரின் அகன்ற தெருவொன்றில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இருவகை மிதிவண்டிகள் நம்மைக் கடந்து செல்வதைக் காணலாம்.

ஒன்று, செய்தித்தாள் போடுபவரின் வண்டி. அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். கைகள் தளர்ந்திருக்கின்றன, கண்கள் வீட்டு எண்ணைப் பார்க்கின்றன. மற்றொன்று, ஹுணசூர் சாலையை நோக்கியோ சாமுண்டி மலையை நோக்கியோ விரையும் இளைஞர் கூட்டத்தின் வண்டி. அவர்கள் முதுகு வளைந்து, தலை தாழ்ந்து, கைகள் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியைப் பற்றியிருக்க, காற்றைப் பிளந்து செல்கிறார்கள். இருவருக்கும் சக்கரம் இரண்டே, சங்கிலி ஒன்றே. வேற்றுமையைக் கண்ணுக்குக் காட்டுவது கைப்பிடிதான். நம் ஊர்ப் பேச்சில் ஹாண்டில்பார் என்று வழங்கும் அந்த வளைந்த குழாய்க்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

அதற்கு முன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு வயதில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர் எவருக்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆடி மாதக் காற்றில் வண்டி நகர மறுக்கும்போது, யாரும் சொல்லித் தராமலே நாம் முழங்கையை மடக்கினோம்; நெஞ்சை ஹாண்டில்பாரின் மீது சாய்த்தோம்; தலையைத் தாழ்த்தினோம். வண்டி சற்றே இலகுவாயிற்று. அப்போது நாம் செய்தது என்ன? காற்றின் மீது மோதும் நம் உடலின் பரப்பைக் குறைத்தோம். பிற்காலத்தில் பெரும் பொருட்செலவில் காற்றுச் சுரங்கங்களில் ஆராயப்பட்ட உண்மையும் இதுவே.

காற்று இல்லாத நாளிலும் ஓட்டுநருக்குக் காற்றுண்டு; அவர் விரைவே அதனை உண்டாக்குகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் செல்பவர் 30 கிலோமீட்டராக விரைவைக் கூட்டினால், காற்றின் தடை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அத்தடையை வெல்லக் கால்கள் ஒவ்வொரு நொடியும் தரவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. சமதரையில் பந்தய விரைவில் செல்பவர் தம் உழைப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காற்றுக்கே கொடுக்கிறார். அத்தடையிலும் பெரும்பகுதி வண்டியால் வருவதன்று. ஓட்டுபவர் உடலால் வருவது. ஆகவே கைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி, உடலை எப்படி வைப்பது என்ற கேள்வியாகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1817ஆம் ஆண்டு ஜெர்மானியரான கார்ல் வான் டிரைஸ் மான்ஹைம் நகரில் இரு சக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்தித்தான் செல்ல வேண்டும். திருப்புவதற்கு ஒரு கைத்தண்டு இருந்தது. அத்துடன், ஓட்டுபவர் முன்கைகளைச் சாய்த்துக்கொள்ள மெத்தை வைத்த பலகையொன்றும் இருந்தது. இந்தப் பலகையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் அது வேறு உருவில் திரும்பி வரப்போகிறது.

1870ஆம் ஆண்டை ஒட்டி, முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சிறிதுமான உயர்ந்த வண்டிகள் வந்தன. ஓட்டுநர் சக்கரத்தின் உச்சியில் அமர்ந்தார். கைப்பிடி அவர் மடிக்கருகே இருந்தது. கல் தடுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்னும் காவல் மிதிவண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒத்த சக்கரங்கள், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி, தரைக்கு அருகில் இருக்கை என்று இன்றைய மிதிவண்டியின் வடிவம் அதில் பிறந்தது. 1888ஆம் ஆண்டு டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். அதன் பிறகே கைப்பிடிக்குச் சுதந்தரம் கிடைத்தது எனலாம். அது ஓட்டுநருக்கு முன்னே, உயரத்திலோ தாழ்விலோ, அகன்றோ குறுகியோ அமைய இயன்றது.

மற்றொரு சிறு கருவியும் இதற்கு உதவிற்று. பழைய வண்டிகளில் கைப்பிடிக்குக் கீழே இணையாகச் செல்லும் இரும்புக் கம்பிகளே பிரேக்கை இழுத்தன. கம்பி வளையாது, எனவே கைப்பிடியையும் மனம்போல் வளைக்க இயலவில்லை. உறைக்குள் ஓடும் நெகிழ்ந்த கம்பிவடத்திற்கு 1896ஆம் ஆண்டு பௌடன் என்பவர் காப்புரிமை பெற்றார். பிரேக் பிடியை வளைந்த கைப்பிடியின் எந்த இடத்திலும் பொருத்த அதனால் வழி பிறந்தது. ஆட்டுக்கொம்பு போல் கீழ்நோக்கிச் சுருண்ட பந்தயக் கைப்பிடி சாலைக்கு ஏற்றதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பந்தயக்காரர்கள் காற்றை வெல்ல முயன்ற கதையில் மேஜர் டெய்லர் என்பவரை மறத்தல் தகாது. அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டு கறுப்பர் குடும்பத்தில் பிறந்த அவர், 1899ஆம் ஆண்டு மான்ட்ரியால் நகரில் ஒரு மைல் விரைவோட்டத்தில் உலக முதல்வரானார். நிறவெறி கொண்டவர்கள் அவரைப் பந்தயங்களினின்று விலக்கினர்; ஓடுகளத்திலேயே இடித்துத் தள்ளினர். அவரோ உடலை முன்னே நீட்டித் தாழ்த்தி ஓட்டினார். கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி அமைக்கத்தக்க நீண்ட தாங்கு தண்டு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1932ஆம் ஆண்டு வறுமையில் இறந்த அம்மனிதரின் நினைவைக் கல்லறைக்கு முன்பே ஒரு கைப்பிடி தாங்கி நின்றது.

அக்காலத்தில் நம் நாட்டில் என்ன நிகழ்ந்தது? இங்கிலாந்திலிருந்து வந்த ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை முதலில் அரசு அலுவலரும் வசதி படைத்தோரும் ஓட்டினர். 1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமம் ஆங்கில நிறுவனமொன்றுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிற்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாகலாயின. சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என வடபுலத்திலும் ஆலைகள் எழுந்தன. 1951ஆம் ஆண்டு டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுகளில் மிதிவண்டிப் பந்தயமும் இடம் பெற்றது. எனினும் நாடெங்கும் பரவியது பந்தய வண்டியன்று. கறுப்பு நிறமும் கம்பி பிரேக்கும் நிமிர்ந்த கைப்பிடியும் கொண்ட கனமான வண்டியே.

இதனைப் பின்தங்கிய நிலை என்று சிலர் கருதுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தக் கைப்பிடி என்னென்ன சுமந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஒருபுறம் தூக்குச்சட்டி, மறுபுறம் மஞ்சள் பை, நடுவே மணியும் விளக்கும். முன்பாரில் அமர்ந்த குழந்தையின் இரு பிஞ்சுக் கைகளும் அதனையே பற்றியிருந்தன. பின்னே நெல் மூட்டையோ, பால் கேனோ, மனைவியோ. குண்டும் குழியுமான சாலையில், மாடும் மனிதரும் குறுக்கிடும் வழியில், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் விரைவில் செல்பவருக்குக் காற்று பகையன்று. அவர் வெல்ல வேண்டியவை சுமையும் பள்ளமும். அவற்றை வெல்ல நிமிர்ந்த முதுகும் தொலைநோக்கும் கண்ணும் வேண்டும். கால் எட்டாத சிறுவர் சட்டத்திற்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியதும் அதே வண்டியில்தான்.

1991ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட ஊரகப் பெண்கள் ஓட்டப் பழகினர் என்பர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால் பலர் ஆண்களுக்குரிய வண்டியையே எடுத்தனர்; அதன் முன்பாரில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடமும் பிள்ளையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற அப்பெண்களின் நிமிர்ந்த கைப்பிடி, எந்தப் பந்தயக் கோப்பைக்கும் குறைந்ததன்று.

மீண்டும் மேலைநாட்டுக்குச் செல்வோம். அங்கே கைப்பிடி மேலும் மேலும் தாழ்ந்தது. 1980களில் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் இணைந்த போட்டிகள் பரவின. அவற்றில் பங்குகொள்வோர் நெடுந்தொலைவு தனித்தே ஓட்ட வேண்டும். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின் காற்றிலிருந்து ஒதுங்க விதி இடங்கொடாது. அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்சியாளரான பூன் லெனான், மலைச்சரிவில் சறுக்குவோர் கைகளை முன்னே நீட்டி முடங்கும் நிலையைக் கண்டு, அதே நிலையை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். முழங்கைக்கு மெத்தைத் தாங்கி, முன்னே நீண்ட இரு தண்டுகள் என அமைந்தது அக்கைப்பிடி. டிரைஸின் முன்கைப் பலகை திரும்பி வந்துவிட்டது அல்லவா?

1989ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அதன் பெருமை உலகறிந்தது. மூன்று வாரம் நடந்த பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனித்தோட்டம். பிரான்சின் லோரான் பிஞோன், அமெரிக்காவின் கிரெக் லெமாண்டைவிட 50 விநாடி முன்னணியில் இருந்தார். லெமாண்ட் முழங்கைத் தாங்கிக் கைப்பிடியுடன் வந்தார். பிஞோனுக்கு அது இல்லை. ஓட்டம் முடிந்தபோது லெமாண்ட் 58 விநாடிகளை மீட்டிருந்தார். மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயம் 8 விநாடியில் முடிவாயிற்று. பிஞோன் அன்று இருக்கைப் புண்ணால் வருந்தினார் என்பதையும் சொல்வதே நேர்மை. எனினும் அந்த எட்டு விநாடிக்குப் பின் அக்கைப்பிடியின்றித் தனித்தோட்டத்திற்கு வரத் துணிந்தவர் அரியர்.

அடுத்து வருவது ஓர் எளிய மனிதரின் கதை. ஸ்காட்லாந்தின் கிரேம் ஓபிரீ மிதிவண்டிக் கடை வைத்து நொடித்துப்போனவர். தம் கையாலேயே வண்டி கட்டினார்; துணி துவைக்கும் இயந்திரத்தின் உருளைத் தாங்கிகளை அதில் பொருத்தினார். கைப்பிடியை நெஞ்சுக்கருகே கொண்டுவந்து, கைகளை மார்புக்கடியில் மடக்கி, பறவை சிறகை ஒடுக்குவதுபோல் அமர்ந்தார். 1993ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் நார்வே நாட்டில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனையை முறியடித்தார். அதற்கு முதல்நாள்தான் முயன்று தோற்றிருந்தார். ஆறு நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதைக் கடந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஓபிரீ 52.713 கிலோமீட்டர் ஓட்டி மீண்டும் முதலிடம் பெற்றார்.

அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் விழித்துக்கொண்டது. 1900ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கம், 1934ஆம் ஆண்டிலேயே சாய்ந்து படுத்து ஓட்டும் வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியிருந்தது. பிரான்சிஸ் போர் என்பவர் அத்தகைய வண்டியில் 1933ஆம் ஆண்டு 45.055 கிலோமீட்டர் ஓட்டி மணிநேரச் சாதனையை மீறியதே காரணம். இப்போது ஓபிரீயின் அமர்நிலையும் தடுக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு பலெர்மோ நகரில் நடந்த உலகப் போட்டியில் தம் வழக்கப்படியே ஓட்டிய அவர் தகுதி இழந்தார். அவர் சோரவில்லை, கைகளை முற்றும் முன்னே நீட்டிப் பறப்பவர் போன்ற புதிய நிலையொன்றைக் கண்டு, 1995ஆம் ஆண்டு மீண்டும் உலக முதல்வரானார். அதே நிலையைக் கைக்கொண்ட போர்ட்மன் 1996ஆம் ஆண்டு ஒரு மணியில் 56.375 கிலோமீட்டர் சென்றார். பின்னர் அந்நிலைக்கும் தடை வந்தது.

2000ஆம் ஆண்டில் சங்கம் ஓர் அரிய சோதனைக்கு வழி செய்தது. மணிநேரச் சாதனைக்கு முயல்வோர், 1972ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டியது போன்ற, ஆட்டுக்கொம்புக் கைப்பிடி கொண்ட எளிய வண்டியையே ஓட்டவேண்டும் என்றது. மெர்க்ஸ் அன்று சென்ற தொலைவு 49.431 கிலோமீட்டர். போர்ட்மன் அத்தகைய வண்டியில் ஏறினார், 49.441 கிலோமீட்டர் சென்றார். பத்தே மீட்டர் மிகுதி! நான்கே ஆண்டுகளுக்கு முன் 56 கிலோமீட்டருக்கு மேல் சென்றவர் அவர். வயது கூடியிருந்தது உண்மை. மெர்க்ஸ் ஓட்டிய மெக்ஸிகோ நகரம் காற்று அடர்த்தி குறைந்த உயர்ந்த இடம் என்பதும் உண்மை. ஆயினும், இடைப்பட்ட ஏழு கிலோமீட்டரில் பெரும்பங்கு கால்களால் வந்ததன்று, அமர்ந்த நிலையாலும் வண்டியாலும் வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமோ? 2014ஆம் ஆண்டில் சங்கம் விதியைத் தளர்த்தியது. இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் முழங்கைத் தாங்கியுடன் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார்.

விதிகளின் வரிசை அத்துடன் நிற்கவில்லை. சரிவில் இறங்கும்போது சட்டத்தின் மீது அமர்ந்து முடங்குவதும், தாங்கியின்றி முன்கைகளைக் கைப்பிடிமேல் சாய்ப்பதும் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தடுக்கப்பட்டன. பிரேக் எட்டாத கை பிறருக்கும் ஆபத்து என்பதே வாதம். காற்றை ஏய்க்கச் சாலைப் பந்தயக்காரர்கள் கைப்பிடியைக் குறுக்கிக்கொண்டே போகவே, அதன் அகலம் 400 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என 2026ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வரும் விதியைச் சங்கம் வகுத்தது. குறுகிய தோளுடைய பெண் ஓட்டுநர்கள் இதனை ஏற்கவில்லை. தோளின் அளவுக்குப் பொருந்தாத கைப்பிடி எப்படிக் காவலாகும் என்று கேட்டனர். நியாயமான கேள்வி. எவரோ ஒருவர் உடலை அளவாகக் கொண்டு எல்லோருக்கும் விதி செய்யும்போதெல்லாம் எழும் கேள்வி அது.

இனி மைசூருக்குத் திரும்புவோம். 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்நகரில் ட்ரின் ட்ரின் என்னும் பொது மிதிவண்டித் திட்டம் தொடங்கப்பட்டது. நிலையத்தில் எடுத்து, மற்றொரு நிலையத்தில் விடலாம். அலுவலகம் செல்பவரும் மாணவரும் ஊர் பார்க்க வந்தவரும் ஏறவேண்டிய அவ்வண்டிக்கு நிமிர்ந்த கைப்பிடியே வைத்தார்கள். அதே நகரின் சாமுண்டி மலையோ வளைந்த கைப்பிடியின் பள்ளிக்கூடம். ஏற்றத்தில் விரைவு குறைகிறது; காற்று ஒதுங்கி நிற்க, உடலின் எடையே பகையாகிறது. அப்போது தேர்ந்த ஓட்டுநர் கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடித்து, நெஞ்சை விரித்து மூச்சு வாங்குகிறார். சமதரைக்கு வந்ததும் அவரே கீழ்ப்பகுதிக்குக் கையை மாற்றிக் குனிகிறார். ஒரே கைப்பிடி, இடத்திற்கேற்ற பிடி. வளைந்த கைப்பிடியின் உண்மையான சிறப்பு இதுதான்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இன்று பிள்ளைகள் பந்தய வண்டி கேட்கிறார்கள். வாங்கித் தருவதில் தவறில்லை. ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையின் தோளையும் கையையும் பார்ப்போமாக. கைப்பிடி மிகத் தாழ்ந்தால் கழுத்து நோகும். எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கி விரல் மரத்துப்போகும். தலை தாழ்ந்தவர் எதிரே வரும் பேருந்தைக் காணார். முதலில் உயர்த்தி வைத்து, உடல் பழகப் பழகச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவதே முறை.

ஊரில் விட்டு வந்த பழைய வண்டியையும் நாம் இகழ வேண்டா. நம் தந்தையார் அதன்மேல் நிமிர்ந்து அமர்ந்தது அறியாமையால் அன்று. அவருக்கு முன்பாரில் நாம் இருந்தோம். அவர் காற்றுக்குக் குனிந்திருந்தால் நமக்கு அங்கே இடம் இருந்திராது.